நாலு சீட்டு

வின்னிபெக்கில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
இடைவேளைக்கு யாரும் வெளியே போகவேண்டாம் என்று
ஒலிபெருக்கி சொல்லிவிட்டது.
இருபத்துமூன்று பிள்ளைகளின் ஈரக் கையுறைகள்
ஹீட்டர்மேல் ஆவி விட்டுக்கொண்டிருந்தன.

போர்டில்,
மைனஸ் மூன்று பெருக்கல் மைனஸ் நான்கு.
மைனஸும் மைனஸும் பெருக்கினால் பிளஸ் என்று
மூன்று நாளாகச் சொல்கிறேன்.
அவர்களும் திரும்பச் சொன்னார்கள்,
விமானத்தில் சீட் பெல்ட் விளக்கம் கேட்கிற முகத்தோடு.
ஒருவரும் நம்பவில்லை.
பதினாறு வருடமாகக் கணக்கு எடுக்கும் நானும்
அதை நம்பியதில்லை.
மனப்பாடம் செய்திருந்தேன், அவ்வளவுதான்.

மார்க்கரை மூடினேன்.
"கதை சொல்லப் போறேன். ஒரு நிபந்தனை.
வரிக்கு வரி 'ம்' கொட்டணும்.
ம் நின்னா கதையும் நிக்கும்."
எதுக்கு, என்றாள் டேனிகா.
எங்க பக்கம் அப்படித்தான் என்றேன்.
ஆறாம் வகுப்புக்கு அந்தப் பதில் போதாது.
ஆனாலும் சிரித்துக்கொண்டே தொடங்கினார்கள்.

கிம்லியில் ஒரு மீனவன். ம்.
உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிப்பவன். ம்.
தூண்டில் இரை வாங்கக் காசில்லை. ம்.
கடையில் கடன். தடவைக்கு மூன்று டாலர்,
தடவைக்கு ஒரு சீட்டு,
சீட்டை ஆணியில் குத்திவைப்பாள் கடைக்காரி. ம்ம்.
நாலு சீட்டு சேர்ந்த அன்று
கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது வாடைக்காற்று.
நாலையும் ஆணியோடு உருவி
ஏரிப்பக்கம் போயே போய்விட்டது.

"கடன்னா மைனஸ்.
கடன் பறந்ததும் மைனஸ்.
இப்ப மீனவனுக்கு என்ன ஆச்சு?"

ம் இல்லை.
ஹீட்டர் மட்டும் டக்கென்றது.
பின்வரிசையில் ஒக்ஸானா,
நவம்பரில் வந்தவள், வகுப்பில் இதுவரை வாய் திறக்காதவள்,
"பன்னிரண்டு," என்றாள். "மேலே."
கட்டைவிரல் கூரையைக் காட்டியது.
அப்போது வந்தது பாருங்கள் ஒரு ம்,
பாலத்தில் சரக்கு ரயில் ஏறுவதுபோல.

வாசலில் பிரின்சிபல் மிஸஸ் ஹால்டர்சன்.
'கற்றல் நோக்கம்' என்ற கட்டத்தில்
எதையோ எழுதி, அடித்து,
மறுபடி எழுதினார்.

முடிந்தது என்றுதான் நினைத்தேன்.
ஜோவெல் கையைத் தூக்கினான்.
கதை முழுக்க ம் கொட்டாத ஒரே பையன்.
"கடைக்காரிக்கு?"
கடைக்காரிக்கு என்ன?
"காத்து அவங்க காசைத்தானே எடுத்துட்டுப் போச்சு."

அவன் அம்மா செல்கர்க் அவென்யூவில்
மளிகைக் கடை வைத்திருக்கிறாள்.
கல்லாவுக்குப் பின்னால் ஒரு நீல நோட்டு உண்டு.
ஒரு பிப்ரவரியில் என் பெயரும் அதில் இருந்தது.

மணி அடித்துக் காப்பாற்றியது.

அன்றிரவு கதையைத் திருத்திப் பார்த்தேன்.
கடைக்காரியே சீட்டைக் கிழித்தாள் என்றால்
கருணை வந்து கணக்கைக் கலக்குகிறது.
இன்சூரன்ஸ் என்றால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள்.
காற்றே இருக்கட்டும் என்று விட்டேன்.

வெள்ளிக்கிழமைத் தேர்வு. ஏழாம் கேள்வி.
பதினேழு பேர் சரி.
இரண்டு பேர் 'மீன்' என்று எழுதியிருந்தார்கள்.
ஜோவெல் பன்னிரண்டு என்று எழுதி
அதற்குக் கீழே, பென்சில் முனை ஒடிய ஒடிய:
கடைக்காரிக்கு மைனஸ் பன்னிரண்டு.
நீங்கள் அவளை மறந்துவிட்டீர்கள்.

விடைக்கு ஒரு மதிப்பெண்.
கீழே இருப்பதற்கு விடைத்தாளில் இடமில்லை.
தேநீர் ஆடை கட்டும்வரை
சிவப்புப் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.
பிறகு ஓரத்தில், தமிழில், ஒரே ஓர் எழுத்து:
ம்.

திங்கட்கிழமை தாளோடு வந்து நின்றான்.
"இது நம்பரா?"
எழுத்து. நான் கேட்டுக்கிட்டிருக்கேன்னு அர்த்தம்.
மேலே இருந்த புள்ளியை விரலால் தொட்டான்.
"இது அவன் ஐஸ்ல போட்ட துளையா?"

இருக்கலாம் என்றேன்.

"அப்ப சீட்டெல்லாம் இதுக்குள்ளதான் விழுந்திருக்கும்,"
என்று சொல்லிவிட்டுத்
தன் இடத்துக்குப் போனான்.