பரிசீலனையில் உள்ளது

கலெக்டர் ஆபீஸ் வாசலில், புங்கமரத்தடியில்,
என் ஹால்டா மெஷினுக்கு ஒரே குறை:
ழ விழாது.
மழையும் உழவும் கிழக்கே நாலடி நிலமும்
நான் பேனாவால் இட்டு நிரப்பியவை.

கு. பாவாயி முதலில் வந்த நாளும்
அந்த ழவால்தான் நினைவில் நிற்கிறது.
சுண்ணாம்புக்கரட்டில் கல் சுமந்தவள்.
புருவம் வெள்ளை, சேலை மடிப்பு வெள்ளை,
துப்பினால் அதுவும் வெள்ளை.
"எழுதுங்க. நானூறு பொம்பளைக்கு
ஒரு கழிப்பறை."
மனு ஒன்றரை ரூபாய். எட்டணா குறைந்தது.
சம்பளச் சனிக்கிழமை
நடந்தே வந்து வைத்துவிட்டுப் போனாள்.

பொழுது சாயும்வரை தண்ணீர் குடிக்காதிருக்க
கரட்டில் யாரும் கற்றுத் தருவதில்லை.
தானாக வந்துவிடும்,
பின்னாலேயே நீர்க்கடுப்பும்.

பதினேழு மனு.
ஒரு வேலைநிறுத்தம். ஜெயிலில் ஒன்பது நாள்.
வெளியே வந்தபோது செவ்வாய்ப்பேட்டைச் சுவரில்
அவள் பெயர் காய்ந்துகொண்டிருந்தது:
சுயேச்சை, சின்னம் கூடை.

சட்டசபையில் அவள் கேட்ட முதல் கேள்வி
நான் அடித்துக் கொடுத்தது.
சபைக்கு ஏற்ற சொல்லா அது என்று
யாரோ எழுந்தாராம்.
"ஒரு நாள் கரட்டுல நில்லுங்க சாமி,
ஏத்த சொல்லு தானா வரும்."
(சிரிப்பு) என்று போட்டிருக்கிறது குறிப்பில்.
அமைச்சர்: பரிசீலனையில் உள்ளது.

பத்து வருஷம்.
கொலுசுப் பட்டறையில் ஆசிட் தின்ற விரல்களுக்கு
ராத்திரிப் பள்ளிக்கூடம் வாங்கினாள்.
மலைமேல் காப்பித் தோட்டத்துக்காரிகளுக்குப்
பேறுகாலச் சம்பளம்.
நாகலூருக்கு ஒரு பஸ்; வளைவுக்கு வளைவு வாந்தி,
ஆனாலும் பஸ்.
கழிப்பறை மட்டும் பரிசீலனையிலேயே இருந்தது.
ஒவ்வொரு கூட்டத்தொடருக்கும்
நான் ஒரு ழ போட்டேன்.

வேலைநிறுத்தத் தடை மசோதா வந்தது.
கை தூக்கினால் திருமணிமுத்தாற்றில்
எங்கள் தெருவுக்கு நேரே பாலம் என்றார்கள்.
அவள் கை மடியில் கிடந்தது.
பாலம் வரவில்லை. ஐப்பசியில் ஆறு வந்தது,
சாயத் தண்ணீரோடு, அடுப்படி வரைக்கும்.
மிதக்கும் கார்பன் தாள்களுக்கு நடுவே நின்று
நானும் திட்டினேன்.

மூன்றாம் தேர்தல். நானூற்றுப் பன்னிரண்டில் தோற்றாள்.
அந்தப் பன்னிரண்டில் ஒன்று நான்.
அவளிடம் சொன்னதில்லை.
மறுவாரமே வந்தாள், யாருக்கோ விதவைப் பென்ஷன் மனு.
ஒன்றரை ரூபாய் இப்போது மூன்றாகியிருந்தது.
எண்ணி வைத்தாள்.

அடுத்த வருஷம் கரட்டில் கட்டினார்கள்.
புது எம்.எல்.ஏ. ரிப்பன் வெட்டினார்.
கல்வெட்டில் அவள் பெயர் இல்லை.
ழ மட்டும் அழுத்தமாக, தங்கப் பூச்சில்.

மாலை போட்டவர்கள் ஜீப்பேறிய பிறகு
பாவாயி உள்ளே போனாள்.
வெளியே கூடையோடு நாற்பது பெண்கள்,
தள்ளி, மெஷின் இல்லாமல், நான்.
சேர்வராயன் மலை மேல் மேகம் இறங்கி,
திரும்பவும் ஏறும் நேரம் ஆனது.

முந்தானையில் கை துடைத்தபடி வந்து
என்னைப் பார்த்துச் சொன்னாள்:
"தாழ்ப்பா நல்லா விழுது."