டோக்கன் அறுபத்துமூன்று

மூன்று மணிக்கு வரச் சொன்னார் டாக்டர்.
அப்போது மணி பதினொன்று.
வராந்தாவில் ஒரு நாற்காலிதான் காலி.
நான் உட்கார்ந்தால் அவர் நிற்க வேண்டும்,
அவர் உட்கார்ந்தால் நான்.
"வா பிள்ளே, மியூசியம் பாத்திட்டு வரலாம்" என்றார்
டீ குடிக்கக் கூப்பிடுகிற குரலில்.

இருபத்தாறு வருஷத்தில்
இந்த நகரத்தில் நாங்கள் அறிந்தது ஒரே வழி:
களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, தம்பானூர்,
அப்புறம் மெடிக்கல் காலேஜ் பஸ்.
மாமியாரின் கர்ப்பப்பை, மூத்தவளின் மஞ்சள்காமாலை,
கொழுந்தனின் இடது கால்
எல்லாம் இந்த வழியாகத்தான் வந்தன.
மாமனார் வாலிபத்தில் எங்களுக்கும் இதுதான் தலைநகரம்.
நடுவே ஒரு கோடு போட்டார்கள்.
வியாதிக்கு யாரும் சொல்லவில்லை,
அது இன்னும் பழைய ரோட்டிலேயே வருகிறது.

வாசலில் காவலாளி கை நீட்டினார்.
"பேக் அகத்து பற்றில்லா."
ரப்பர் பால் உலர்ந்து கறுத்த விரல்கள்
அந்தப் பெரிய மஞ்சள் கவரை இன்னும் கொஞ்சம் இறுக்கின.
அதற்குள் அவருடைய நெஞ்சு இருந்தது,
கறுப்பும் வெளுப்புமாக, ஆறு படம்.
நோட்டில் பேர் எழுதச் சொன்னார்கள்.
எட்வின்சிங், அருமனை.
பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சோற்றுப் பைகளுக்கிடையில்
யாருடையதோ ஒரு ஹெல்மெட்டில்
சாய்த்து வைத்தார்கள் அதை.
கையில் ஒரு பித்தளை வில்லை தந்தார்கள்.

வெறுங்கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்,
சம்பளம் கொடுக்க வந்த எஸ்டேட் முதலாளி போல.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
வெறுங்காலில் தரை குளிர்ந்தது.
வெண்கலச் சாமிகள், தந்தப் பெட்டிகள்,
இழுக்க ஆளில்லாத ஒரு தேர்.
அவர் கூரையைத்தான் பார்த்தார் அதிக நேரம்:
"இவ்வளவு உயரத்தில பெயிண்ட் அடிச்சவன்
எங்க நின்னு அடிச்சிருப்பான்?"

அடுத்த கட்டடத்தில் ஒரு யானையின் எலும்புக்கூடு.
விலாவை எண்ணத் தொடங்கினார்.
"என்னத்துக்கு எண்ணுதிய?"
பதில் இல்லை.
பதினேழு வரை வந்தபோது
ஒரு குழந்தை குறுக்கே ஓடியது.
மறுபடி எண்ணவில்லை.

நீர்யானை வாய் திறந்த நேரம்
கல்யாணக் கருக்கு மாறாத இரண்டு பேர்
போனை நீட்டினார்கள், ஒரு படம் எடுத்துத் தருமாறு.
அவர் வாங்கி, ஒரு கண்ணைச் சுருக்கி,
காலையில் ஸ்கேன் அறைப் பையன் சொன்ன அதே நீட்டலில்
"ஸ்வாசம் பிடிச்சோ…"
சொடுக்கினார்.
"இனி விட்டோ."
அவர்கள் குலுங்கிச் சிரித்தார்கள்.
நான் நீர்யானையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அது வாயை மூடவே இல்லை.

பூங்காவில் மரத்துக்கு மரம் பெயர்ப்பலகை.
வாசிக்கவில்லை அவர்.
ஒன்றின் பட்டையில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்து
"பால் கிடையாது" என்றார்.
தோட்டக்காரர் தூரத்திலிருந்து ஏசினார்.
மன்னிப்புக் கேட்பது போல மரத்தைத் தட்டிக்கொடுத்தார்.

கடலை வாங்கினோம்.
பொட்டலம் கட்டிய தாளில் பழைய லாட்டரி முடிவு.
கடலை தீர்ந்தும்
கடைசிப் பரிசு வரை விரல் வைத்து வாசித்தார்,
என்றோ குலுக்கி முடிந்த எண்களை.
"நீங்க டிக்கெட்டே எடுக்கல்லியே."
"எடுத்தவன் ஒருத்தன் இருப்பாம்லா."

இரண்டே முக்காலுக்கு ஆட்டோ பிடித்தோம்.
பி.எம்.ஜி. சிக்னலில் சிவப்பு.
சில்லறை பார்க்கச் சட்டைப் பையில் கை விட்டவர்
அப்படியே இருந்தார்.
பிறகு எடுத்து உள்ளங்கையில் வைத்து என் பக்கம் திருப்பினார்.
அறுபத்துமூன்று.

சிக்னல் பச்சையாகும் வரை
நாங்கள் டிரைவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.