இருக்கை உயரம்

ஜெலுத்தோங் கடையில் புதியது,
எண்ணூற்று எழுபது மில்லிமீட்டர்.
ஏறி உட்கார்ந்தால்
இடது பெருவிரல் மட்டும் தரையைத் தொடுகிறது.
வலது கால் சும்மா தொங்குகிறது.

"பி-டூ லைசென்ஸ்தானே, இருநூற்றைம்பது வரை எடுக்கலாம்"
என்று கால்குலேட்டரைத் திருப்புகிறார் பூன் ஹெங்.
ஐந்து வருடத் தவணை.
பாயான் லெப்பாஸ் இரவு ஷிப்டில்
அது எத்தனை இரவு என்று
நான் வகுத்துப் பார்க்கவில்லை.

வாரமெல்லாம் பாலத்து நெரிசல்.
ஞாயிறு ஒருநாள்தான்
பாலிக் பூலாவ் டுரியான் தோட்டத்துச் செம்மண் ஏற்றம்,
அதுவும் மழை விட்டால்.
அந்த ஒருநாளுக்குத்தான் இவ்வளவு யோசனை.

மூலையில் பழைய நூற்றைம்பது.
டேங்கில் நீளக் கீறல்,
வளைந்து நிமிர்த்திய கிளட்ச் பிடி.
"ஒருதரம் விழுந்த வண்டி."
குரலைத் தாழ்த்துகிறார், பிறகு விலையையும்.

உட்கார்கிறேன்.
இரண்டு குதிகாலும் சிமெண்டில்.
முன்பு ஓட்டியவரும் என்னைப்போல் குட்டை போலிருக்கிறது,
சஸ்பென்ஷனை இறக்கி வைத்திருக்கிறார்.
மட்கார்டுக்கு அடியில்
கழுவியும் போகாத மண், விரலில் சிவப்பாக ஒட்டுகிறது.

சாவி கேட்டேன்.
முதல் விழுதலை யாரோ
எனக்கு முன்பே விழுந்து முடித்துவிட்டார்கள்.
மிச்சம் என் பாடு.