ஒரு கண்ணாடிதான் வந்தது

மண்டபத்திலிருந்து கேன் கேனாய்
பஸ்ஸேறி வந்த கடல் அது.
எல்லீஸ் நகர் வீட்டில் ஷோகேசை நகர்த்திவிட்டு
நாலடி நீளத்துக்கு நிறுத்தியிருந்தேன்.
கரண்ட் போனால்
மீன்களுக்கு முன்னால் எனக்கு மூச்சு வாங்கும்.

பவளக் கல்லோடு ஒட்டிக்கொண்டு வந்தது அந்தக் களை.
கடல் சாமந்தி வகையாம், பெயரில் மயங்க வேண்டாம்.
தவிட்டு நிறம். பக்கத்துப் பவளத்தைத்
தொட்டுத் தொட்டே கொல்லும்.
கிள்ளினால் கிள்ளிய துணுக்கெல்லாம் முளைக்கும்.
எலுமிச்சைச் சாற்றை ஊசியில் ஏற்றினேன்,
வெந்நீர் பீய்ச்சினேன்.
அடுத்த ஞாயிறு எண்ணினால்
முப்பது நாற்பதாகியிருக்கும்.

அப்புறம்தான் அதை வாங்கினேன்.
டார்ச்சைவிடச் சின்னது. ஐந்து வாட்.
ஐந்து வாட் என்றால் பாத்ரூம் பல்புதானே.
மேலே மஞ்சள் முக்கோணம்,
உள்ளே சீன எழுத்தில் ஏதோ தாள்,
இலவசமாக ஒரு பச்சைக் கண்ணாடி.
ஒன்று.

சோணைமுத்து டூட்டி முடிந்து வந்திருந்தான்,
மினி பஸ் கண்டக்டர், தோளில் இன்னும் பை.
சின்ன வயதில் கில்லி தெறித்து
இடது கண் அவனுக்கு வெறும் வெளிச்சம்தான்.
எப்படிச் சுடுதுன்னு காட்டுடா என்று
தொட்டிப் பக்கம் குனிந்தான்.

கண்ணாடியை நான் மாட்டிக்கொண்டேன்.
உனக்கு, என்று கேட்டேனா?
கேட்டதாகத்தான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

முதல் சாமந்தி சுருண்டது. தண்ணீருக்குள்
கடுகு வெடிக்கும் சத்தம்.
சிரித்தோம். இரண்டு. மூன்று.
நாலாவது ஹீட்டர்க் குழாய்க்குப் பின்னால் இருந்தது.

ஹீட்டர்க் குழாயும் கண்ணாடி.
அதை யோசிக்க
ஏழு மாதம் ஆகிறது எனக்கு, இன்னும் முடியவில்லை.

வலிக்கவேயில்லை அவனுக்கு.
போட்டோ எடுத்த மாதிரி இருக்குடா என்றான்.
டீ குடித்தோம்.
தெருமுனையில் அவன் ஏற வேண்டிய பஸ் வந்தது,
அவன் ஏறவில்லை.
நம்பர் எங்கடா, போர்டு இருக்கு, நம்பர் எங்க?

இப்போது சொல்கிறான்:
டிக்கெட் கேட்கும் கை தெரியுது,
தோள் தெரியுது, தலைப்பூ தெரியுது,
மூஞ்சி இருக்கிற எடத்துல ஒரு சாம்பல் தட்டு.
எதைப் பாக்குறனோ அது மட்டும் இல்ல.

கண்ணாஸ்பத்திரியில் படம் எடுத்துக் காட்டினார்கள்.
சிவந்த நிலா ஒன்று,
நடுவில் கடுகளவு வெள்ளை.
இதைத் தைக்க முடியாது, ஒட்ட முடியாது,
அந்தக் கண்ணாடியைக் கொண்டு வாங்க என்றார் டாக்டரம்மா.
ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.
இது வேற நிறத்துக்கு. நீலத்தை இது நிறுத்தாது.
நீங்க தப்பிச்சது கண்ணாடியால இல்ல.

அப்படியானால்
அவனுக்குக் கொடுத்திருந்தாலும் அவனுக்கு இதேதான்.
அந்த ஒரு நொடி
ஆஸ்பத்திரி பெஞ்சில் எனக்கு வந்ததே ஒரு நிம்மதி,
அதைக் கொண்டுபோய் எந்த ஆற்றில் போட?
வைகையில் தண்ணீரும் இல்லை.

பேட்டரியைக் கழற்றிப் பீரோவுக்குள் பூட்டியிருக்கிறேன்.
குப்பையில் போட்டால்
எந்தப் பிள்ளையாவது எடுத்து
எதிர்வீட்டு ஜன்னலுக்கு அடித்துப் பார்க்கும்.

சோணைமுத்து இன்னும் வருகிறான், பை இல்லாமல்.
தொட்டி முன் ஸ்டூல் போட்டுக்கொள்கிறான்.
நேராகப் பார்ப்பதில்லை.
தலையைக் கோழி மாதிரி சாய்த்து
கண்ணின் ஓரத்தால் மீனைத் தேடுகிறான்.
மீனும் பக்கவாட்டில் திரும்பி
ஒற்றைக் கண்ணால் அவனைப் பார்க்கிறது.
ரொம்ப நேரம் அப்படியே இருக்கிறார்கள்.

சாமந்தி கூடிப் போச்சுடா, என்கிறான்.
அறுபத்திரண்டு.