வடிதாள்

பதினோரு வருஷத்தில் யாரும் கேட்டதில்லை.
சில்லறை கேட்பார்கள், காற்று கேட்பார்கள்,
கழிவறைச் சாவி கேட்பார்கள்.
"ஜீரோ பாத்துக்குங்க சார்" என்று நான் சொல்லும்போது
கைபேசியைப் பார்ப்பார்கள்.

அதியமான்கோட்டை தாண்டி, தொப்பூர் இறக்கத்துக்கு முன்,
மூன்று மணி வெயிலில் வந்து நின்றாள்.
மூன்று பெட்டி கட்டிய வண்டி.
நம்பர் பலகையில் எந்த மாநிலமும் இல்லாத எழுத்து.
ஹெல்மெட்டைக் கழற்றினால்
நரைத்த தலை, தோல் உரிந்த மூக்கு.
தொண்டையில் கைவைத்து இருமிக் காட்டினாள்,
பிறகு எஞ்சினைக் காட்டினாள்.
கிருஷ்ணகிரிக்கு முன்னால் எங்கேயோ ஊற்றியது
அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை போல.

அவளுக்காக அவள் கைபேசி பேசியது,
செய்தி வாசிப்பவளின் தமிழில்:
"வடிகட்டும் காகிதம் தாருங்கள்."

மேனேஜர் முனிரத்தினம் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.
கேட்டால் கொடுக்கணும், வேறு வழியில்லை.
டிராயரில் ரசீது ரோலுக்கும் போன வருஷக் காலண்டருக்கும் அடியில்
பிரிக்காத கட்டு,
ஓரத்தில் பல்லி முட்டை ஒட்டியிருந்த தடம்.

நாசிலைத் துடைத்து ஒரு சொட்டு விட்டேன்.
இரண்டு நிமிடம்.
நல்ல பெட்ரோல் போன இடம் தெரியாமல் போகும்.
மண்ணெண்ணெய் இருந்தால் வட்டம் நிற்கும்.
அதுவரை சும்மா இருக்க முடியாதவளாக
ஒரு பழைய காலுறையை அவிழ்த்துக் கொட்டினாள்:
ஸ்பார்க் பிளக்குகள், ஏழு.
ஒவ்வொன்றிலும் நூல், நூல் நுனியில் ஒரு நாட்டின் பேர்.
இது ஜாடியில் அளந்து விற்கும் மலைநாடு, ஒரே கரி.
இது பாலைவனம், செங்கல் தூள்.
இது அவள் வீடு, பொரிகடலை நிறம்,
அப்படித்தான் இருக்கணுமாம்.
நுனியைப் பார்த்தால் போதும்,
வண்டி எந்த ஊரில் குடித்தது என்று சொல்லிவிடலாமாம்.

நான் உதட்டை மூடிக்கொண்டேன்.

பெண் பார்க்க வந்த சேலத்துக்காரர்கள்
"பென்னாகரம் பக்கமா?" என்று கேட்டது
நான் வாய் திறந்து "வாங்க" சொன்ன பிறகுதான்.
அப்புறம் சொல்லி அனுப்பவே இல்லை.
எழுநூறு அடி போர்.
எட்டு வயசு வரைக்கும் அந்தத் தண்ணி,
முன்பல் நாலிலும் பழுப்புக் கோடு.
அம்மாவுக்குக் கழுத்து திரும்பாது,
கூப்பிட்டால் மொத்த உடம்போடு திரும்புவாள்.
பிறகு ஒகேனக்கல் குழாய் வந்தது.
கோடு அப்படியே இருந்தது.

தாள் காய்ந்துவிட்டது.
வெயிலுக்கு நேரே பிடித்தாள், மோந்தாள்,
நாலாய் மடித்து நோட்டுக்குள் வைத்தாள்.
சுத்தம்தான் என்று கட்டைவிரலைக் காட்டினாள்.
காட்டிவிட்டு, பெட்டியிலிருந்து
சல்லடை வைத்த புனலை எடுத்து டேங்கில் சொருகினாள்.
"பாரு, நம்ப மாட்டேங்குது" என்றார் முனிரத்தினம்.
அரை டேங்க் போதும் என்றாள்.

கிளம்பும்போது கறுத்த பிளக்கைக் கழற்றி
புதுசு மாட்டினாள். நூலை நீட்டி
ஊர் பேர் கேட்டாள்.
கிருஷ்ணகிரி ஊற்றிய பழிக்கு
நாங்கள் ஏன் பேர் கொடுக்கணும்?
ஆனாலும் சொன்னேன், தர்மபுரி.
அவள் எழுத்தில் அது எப்படி இருந்ததோ.
போட்டோ எடுக்க வந்தவள்
பல்லைக் காட்டச் சொல்லித் தன் பல்லைக் காட்டினாள்.
வெயில் கண்ணைக் கூசுகிறது என்பதுபோல்
முகத்தின் பாதியைக் கையால் மறைத்தேன்.

ஷிப்ட் முடிந்து வரும்போது
கட்டிலிருந்து ஒரு தாளை
சீருடைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.
நாலு நாளாகக் குழாய் வரவில்லை.
மகளின் பள்ளிக்கூட பாட்டிலில் போர் தண்ணிதான்.
அவள் தூங்கின பிறகு
மூடியைத் திறந்து ஒரு சொட்டு விட்டேன்.
இரண்டு நிமிடம்.
காயவில்லை. ஃபேனுக்கு அடியில் வைத்தேன்.
வட்டம் இல்லை, கோடு இல்லை,
தாள் வெள்ளை வெளேரென்று இருந்தது.

இன்னொரு சொட்டு விட்டேன்.