பந்து வராத பக்கம்

மஞ்சக்குப்பம், டயர் கடைக்கு மேல் இரண்டாம் மாடி.
இரவு ஒன்பதரைக்கு அயோவாவிலிருந்து படம் வந்து இறங்கும்.
வர்ணனை கிடையாது, கூச்சல் கிடையாது,
காற்று திரும்பினால் சிப்காட் வாடை மட்டும்
ஏசியையும் மீறி வந்து பக்கத்தில் உட்காரும்.

உச்சியிலிருந்து எடுத்த படம். இருபத்திரண்டு ஹெல்மெட்.
முகம் இல்லை, எண்தான் ஆள்.
நான் வைட் ரிசீவர் மட்டும் பார்க்கிறவள்:
கோட்டோரம் நின்று, ஓடி, சட்டென்று முறித்து,
தலைக்கு மேல் வருவதைப் பிடிக்கிறவன்.
பந்து என்கிறார்கள். பலாக்கொட்டை அது.
பண்ருட்டிக்காரியிடம் வேறு பெயர் சொல்லி ஏமாற்ற முடியாது.
நாலு வருஷம் ஆகிறது, ஒருநாளும் தொட்டதில்லை.

ஓர் ஓட்டத்துக்குப் பதினோரு கட்டம்.
எத்தனையாவது அடியில் முறித்தான்,
முறிக்கும்போது இடுப்பு தாழ்ந்ததா,
ஒட்டிவந்தவனை எத்தனை கஜம் உதறினான்,
பிடித்தது விரலிலா, நெஞ்சிலா.
நெஞ்சில் வாங்குகிறவனுக்கு அரை மார்க் வெட்டு.
"கொழந்தய வாங்குறான் பாரு" என்பார்
டீம் லீடர் பவுல்தாஸ், வாயில் பாக்கோடு.
விரித்த கை ஒன்பதரை அங்குலம் இருந்தால் நல்லது.
யாரும் பார்க்காதபோது என் கையை ஸ்கேலில் வைத்தேன்.
ஏழு.

எண்பத்து மூன்றை எல்லோருக்கும் தெரியும். இடப்பக்கத்து ஆள்.
நாற்பது கஜம், நாலு புள்ளி மூன்று ஆறு நொடி.
எதிரில் ஆளில்லாமல், அரை டிராயரோடு, நேர்க்கோட்டில்.
திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில்
நெய்வேலி வண்டி நகரும்போது
இரண்டு பையோடு அவனை ஏறச் சொல்லுங்கள்,
அப்புறம் நானும் மார்க் போடுகிறேன்.

பதினேழு அதே அணி, வலப்பக்கம்.
அந்தப் பக்கம் பந்தே வராது.
இருநூற்றுப் பதினோரு ஓட்டத்தில் வந்தது பத்தொன்பது,
விட்டது இரண்டு. இரண்டையும் நான்தான் குறித்தேன்.
தனக்கில்லை என்று தெரிந்தால்
மற்றவர்கள் மூன்றாவது அடியில் தளர்ந்துவிடுவார்கள்.
இவன் மட்டும்
தோளைச் சாய்த்து, கண்ணை உயர்த்தி, கை விரித்து
இல்லாத பந்துக்கு முழுசாக ஓடுவான்.
காவலுக்கு நின்றவன் நம்பிப் பின்னாலேயே போவான்.
அங்கே காலியான இடத்தில்
எண்பத்து மூன்று பிடித்துவிட்டுக் கூத்தாடுவான்.

ஒரு நவம்பர் ஆட்டம். நம்ம ஊர் நவம்பர் போலவே
மழை சாய்ந்து பெய்தது.
முப்பத்தெட்டுப் புள்ளி பின்தங்கல்,
கேலரியில் பாலிதீன் போர்த்திய நாலு பேர்,
கடைசி நிமிஷங்கள்.
அப்போதும் ஓடினான்.
பின்னுக்கு இழுத்து மறுபடி பார்த்தேன். மறுபடி.
டீ ஆடை கட்டிவிட்டது.

பதினோரு கட்டத்தில் எதிலும் அது விழவில்லை.
"பிற" என்ற இடத்தில் எழுதினேன்:
பந்து வராதென்று காலுக்குச் சொல்லாதவன்.
பவுல்தாஸ் படித்தார்.
"ஏம்மா கிருபாவதி, பிளேயர் பாக்குறியா, வரன் பாக்குறியா?"
மொத்த வரிசையும் சிரித்தது. நானும்தான்.
வரியை அழித்துவிட்டு ஐந்து புள்ளி நாலு போட்டார்.
எனக்கும் அந்த மாதம்தான் அப்ரைசல்.
ஐந்துக்கு மூன்று. "எதிர்பார்த்த அளவு."

ஏப்ரலில் டிராஃப்ட். மூன்று நாள் பெயர் வாசித்தார்கள்.
எண்பத்து மூன்று முதல் சுற்றிலேயே போனான்,
கோட்டும் வைரத்தோடுமாக அழுதான்.
ஏழாவது சுற்று முடிந்தபோது
கடலூரில் பால்வண்டி வந்துவிட்டது.
பதினேழின் பெயரை யாரும் சொல்லவில்லை.
அவன் பெயர் என்னவென்று அன்றைக்குத்தான் தேடினேன்.
வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்,
நாக்கு இரண்டு இடத்தில் தடுக்கியது.

செப்டம்பரில் புதுப் படங்கள்.
அதே கல்லூரி, அதே பதினேழு, உள்ளே வேறு பையன்.
பந்து இடப்பக்கம் பறக்கிறது.
நான் வலப்பக்கம் பார்க்கிறேன்.
நாலாவது அடியில்
நடக்க ஆரம்பித்துவிட்டான்.