ஈரக் கழிவு

கோத்தகிரித் திடலில் ஞாயிறு இரவு
தமயந்தி பாடினாள்.
முதுகில் மூங்கில் கூடை.
நாங்கள் நைலான் சாக்குக்கு மாறிப் பன்னிரண்டு வருஷம்.
கையால் கிள்ளுவதும் கிடையாது, கத்தரிதான்.
அவளுக்கும் தெரியும்.
சாக்கோடு மேடையேறினால்
யார் விசில் அடிப்பார்கள்?

குரல் ஒன்றும் பிரமாதமில்லை, சொல்லிவிடுகிறேன்.
மேலே ஏறும்போது மூக்குக்குள் போய்விடும்,
இரண்டாம் கியரில் திணறும்
கீழ்கோத்தகிரி பஸ் மாதிரி.
ஏழாம் நம்பர் காட்டில் பக்கத்து நிரையில்
மூன்று வருஷம் கேட்ட குரல்.
"கொஞ்சம் வாயை மூடு தாயே,
காட்டெருமைகூட இறங்கிப் போயிருச்சு" என்பாள் புஷ்பராணி.
அதே புஷ்பராணி முன்வரிசையில்
செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி
அழுகிறாள்.

அப்புறம் அந்தப் பாட்டு வந்தது.

ஒரு ஆடி மழையில்
ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழித்தபோது
எடைக்கார செல்வநாயகத்தின் முதுகுக்குப் பின்னால்
நான் முணுமுணுத்தது:
"பதினெட்டுக் கிலோ பறிச்சேன்,
தராசு பொய் சொல்லுது."
பாட்டென்று நினைத்துச் சொல்லவில்லை.
வயிற்றெரிச்சல்.
பக்கத்தில் தமயந்தி
சாக்கை உதறிக்கொண்டு நின்றாள்.

மேடையில் அவள் பாடுவது:
"பதினெட்டுக் கிலோ பறிச்சேன்,
தராசுக்குப் பசிக்குது."

திருடி என்று திட்டத்தான்
சால்வையை இறுக்கிக்கொண்டு வந்திருந்தேன்.
"எங்கம்மா காட்டுல பாடுன பாட்டு" என்றாள் மைக்கில்.
அவள் அம்மா தேயிலைக் காட்டை மிதித்ததே இல்லை,
குன்னூரில் ஆஸ்பத்திரி ஆயா.

ஆனால் பசிக்குது என்று
அந்த மூக்குக் குரல் இழுத்தபோது
போன இரண்டு கிலோவும்
எங்கே போனதென்று
முதல்முறையாகப் புரிந்த மாதிரி இருந்தது.
பொய் என்றால் கோபம் வருகிறது, அவ்வளவுதான்.
பசி என்றால்
தராசின் மேல்கூட ஒரு நொடி
இரக்கம் வந்து தொலைகிறது.
அந்தச் சொல் எனக்கு ஏன் வரவில்லை?
பசி எனக்கென்ன தெரியாததா?

செல்வநாயகமும் வந்திருந்தார்.
தாளம் தப்பாமல் கை தட்டினார்.
அவர் போனிலும் இதுதான் ரிங்டோன்.
திங்கட்கிழமை எடைமேடையில் அது அடித்தது.
தராசு என்ற சொல் வருவதற்குள் எடுத்துப் பேசினார்,
பேசிக்கொண்டே கழித்தார்.
இரண்டு கிலோ.
அன்று நல்ல வெயில்.

ஞாயிறு இரவே, வேனில் ஏறப்போனவள்
கூட்டத்தில் என்னைக் கண்டு இறங்கி வந்தாள்.
கையைப் பிடித்துக்கொண்டாள்,
காப்பு ஏறிய கைதான், இன்னும் ஆறவில்லை.
"ராஜமலர் அக்கா, புதுசா ஏதாச்சும் இருக்கா?"

இல்லை என்றேன்.

ஒன்று இருக்கிறது.
தினமும் நிரையில் நின்று சொல்லிப் பார்க்கிறேன்.
வெறும் வசவாகத்தான் இருக்கிறது.
எந்தச் சொல்லை மாற்ற வேண்டுமென்று
அவளைக் கேட்க மனசு வரவில்லை.